காவலும் குற்றமும்: மதுரை நாட்டுச் சரித்திரம் கற்பிப்பன

குற்றம் என்பது மனிதனுடைய பிறப்போடு வருவதோ, அன்றி அவன் வாழும் நிலைமையினின்று விளைவதோ என்னும் வினா உலகத்து அறிஞர் பலரால் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருவதாகும். இத்தாலி தேசத்து வைத்தியராகிய லொம்பிரோசோ என்பார் 1876-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பிறவிக் குற்றவாளி என ஒரு வகையினர் உண்டென்றும், அவர்தம் மண்டையோட்டையும் தாடையையும் கண்டே அவரை அறியலாமென்றும் எழுதினார். ஆங்கில நாட்டுச் சிறை வைத்தியராகிய கோரிங் என்பார் ஆயிரக்கணக்கான கைதிகளை அளந்து பார்த்து, அத்தகைய தனி இனம் யாதுமில்லை என 1913-இல் மறுத்தார். பிற தேசங்களில் இது நூல்களிலும் கலாசாலைகளிலும் நிகழ்ந்த வாதம். நம் மதுரை நாட்டிலோ, அதே வினா சட்டமாகவும், கைரேகைப் புத்தகமாகவும், துப்பாக்கிக் குண்டாகவும் வந்து பிறமலைக் கள்ளராகிய நம் முன்னோரின் வாசலில் நின்றது. ஆகவே இதனை மற்றெவரினும் நாமே கருத்தூன்றி ஆராயக் கடமைப்பட்டவர்களாகிறோம்.

நம்மவருட் சிலர் பழைய சரித்திரத்தைப் பேசவே கூசுகின்றனர். வேறு சிலர் அதனை வெறும் வீரக் கதையாக்கி மார் தட்டுகின்றனர். இவ்விரண்டும் பிள்ளைகளுக்கு நன்மை பயவா. உள்ளதை உள்ளவாறு அறிவதே நலம்.

பழைய காவல்

தமிழ் நாட்டில் காவல் என்பது போலீஸ் இலாகாவுக்கு மிக முந்தியது. சோழ பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்னும் வரி காணப்படுகின்றது. ஊரைக் காப்பதற்கென ஊரார் இறுத்த பொருள் அது. பிற்காலத்தில் நாயக்கர் ஆட்சியில் நாடு பாளையங்களாக வகுக்கப்பட்டபோது, பாளையக்காரர் தம் எல்லை முழுதுக்கும் ஏற்ற காவல் தேசகாவல் எனவும், ஓர் ஊருக்கு மட்டும் ஏற்ற காவல் ஸ்தலகாவல் எனவும் வழங்கின. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் காலத்தில் எட்டு நாடும் இருபத்துநான்கு உபகிராமமும் கொண்ட நம் சமூகத்துத் தலைவர்க்குக் காவலுரிமை அளிக்கப்பட்ட செய்தியைச் செப்பேடுகள் வழியாக அறிகின்றோம்.

இக்காவலின் முறை யாதெனில், களத்து மேட்டில் நெல் அளக்கும்போது காவற்காரனுக்குரிய பங்கு முதலில் ஒதுக்கப்படும். அதற்கு ஈடாக, ஊரில் மாடோ பண்டமோ களவு போனால் அவன் அதனைக் கண்டுபிடித்துக் கொடுத்தல் வேண்டும். கண்டுபிடிக்க இயலாதாயின், தன் கைப்பொருளைக் கொண்டு ஈடு செய்தல் வேண்டும். இது ஓர் ஒப்பந்தம். காவற்கூலி வாங்கினவன் களவுக்குப் பொறுப்பாளி என்பதே அதன் உயிர்நிலை.

ஈண்டு ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. இக்காலத்துச் சட்டம் திருடனைப் பிடித்துச் சிறையிலிடுவதையே பெரிதாகக் கருதுகின்றது. பொருளை இழந்தவன் கோர்ட்டில் ஒரு சாட்சியாக நின்று, பெரும்பாலும் வெறுங்கையோடு வீடு திரும்புகின்றான். குற்றத்தினால் பாதிக்கப்பட்டோர்க்கு நஷ்டஈடு தரும் திட்டத்தை ஒவ்வொரு மாகாண அரசும் வகுக்க வேண்டும் என்னும் விதி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்திற் சேர்க்கப்பட்டு 2009-ஆம் ஆண்டின் இறுதியிலேதான் அமுலுக்கு வந்தது. பழைய காவல் முறையிலோ, பறிகொடுத்தவனுக்கு ஈடு செய்தலே முதற் கடமையாயிருந்தது. இவ்வொரு நியாயத்தை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

காவல் கெட்ட விதம்

ஆயினும் பெருமையோடு நின்றுவிட்டால் சரித்திரம் பொய்யாகும். 1801-ஆம் ஆண்டில் பாளையக்காரர் போர் முடிவுற்றபின், கம்பெனியார் பாளையக்காரரின் ஆயுதங்களைப் பறித்ததோடு தேசகாவல் உரிமையையும் அதன் வருமானத்தையும் தமதாக்கிக் கொண்டனர். 1816-ஆம் ஆண்டு விதியின்படி கிராமத் தலைவரும் தலையாரியும் போலீஸ் கடமைக்கு உரியவராயினர். 1859-ஆம் ஆண்டில் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் பிறந்து, உடுப்பும் சம்பளமும் பெற்ற புதிய படை தோன்றியது. பழைய காவற்காரன் சர்க்கார் கணக்கில் ஒன்றுமில்லாதவன் ஆனான்.

புதிய போலீஸாரோ தொகையிற் சிலர். நாகமலைக்கு மேற்கேயுள்ள பரந்த வெளியில் ஒவ்வொரு கிணற்றடிக்கும் களத்துக்கும் அவர் வந்து காவல் புரிதல் இயலாத காரியம். ஆதலின் குடியானவர் சர்க்காருக்கு வரி இறுத்ததோடு பழைய காவற்காரனுக்கும் கூலி கொடுத்தே வந்தனர். சட்டத்தின் கட்டும் அரசனுடைய மேற்பார்வையும் நீங்கிய இக்காவல் நாளடைவில் கோணியது. கூலி கொடாத ஊரில் மாடுகள் காணாமற் போயின. காணாமற் போன மாட்டைத் திருப்பித் தருவதற்குத் துப்புக்கூலி என்று ஒரு தொகை கேட்கப்பட்டது. அது சில வேளைகளில் மாட்டின் மதிப்பிற் பாதியளவும் ஆவதுண்டு. காப்பவனே கவர்வதற்கும் காரணமாயிருந்தால் அது வேலியே பயிரை மேய்ந்த கதையன்றோ? ஏர் பூட்டும் பருவத்தில் ஒரு சோடி மாட்டை இழந்த ஏழைச் சம்சாரிக்கு அவ்வாண்டின் வெள்ளாமையே போயிற்று என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவன் பட்ட துன்பத்தை மறைத்துவிட்டு நாம் பட்ட துன்பத்தை மட்டும் எழுதினால் நம் சொல்லைப் பிறர் நம்பார்.

இத்துன்பம் முற்றி 1896-ஆம் ஆண்டில் வெடித்தது. திண்டுக்கல் தாலூகாவில் தொடங்கிப் பல ஊர்களிலும் குடியானவர் கூடி, பொதுநிதி திரட்டி, தம் ஆட்களையே காவலுக்கு நியமித்து, நம்மவரைக் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டு வெளியேற்றினர். வீடுகள் கொளுத்தப்பட்டன. துப்புக்கூலி வாங்கினவனும், வாங்காது கூலி வேலை செய்து பிழைத்தவனும், அவர்தம் பெண்டிரும் குழந்தைகளும் ஒரே பெயரால் துரத்தப்பட்டனர். களவுக்கு ஆளான குடியானவனும் பாதிக்கப்பட்டவன். ஒரு குற்றமும் செய்யாது குடிசையை இழந்தவளும் பாதிக்கப்பட்டவள். ஒருவன் செய்த குற்றத்தைக் குலத்தின்மேல் ஏற்றும்பொழுது துன்பம் தீர்வதில்லை. ஒன்று இரண்டாகப் பெருகுகின்றது.

தண்ணீரும் குற்றமும்

குற்றத்தின் காரணங்களுள் முதன்மையானது வயிறு. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷத்துப் பஞ்சத்தில் மாகாணமெங்கும் தானியக் கொள்ளையும் வழிப்பறியும் மிகுந்தன. அவற்றைச் செய்தோர் பற்பல ஜாதியார். மழை பெய்து விலை இறங்கியபின் அவை தணிந்தன. பிறவிக் குணம் மழையினால் மாறுமோ?

இதனினும் தெளிவான சான்று நம் ஜில்லாவிலேயே உண்டு. பென்னிகுயிக் துரையின் முயற்சியால் முல்லைப் பெரியாறு அணை 1895-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திற் திறக்கப்பட்டது. மேற்கு மலையின் அப்புறம் ஓடிய நீர் சுரங்க வழியாக இப்புறம் வந்து, சுருளியாற்றின் வழியே வைகையிற் சேர்ந்து, பேரணையினின்று கால்வாயாகப் பிரிந்து நிலக்கோட்டை, மதுரை, மேலூர்ப் பகுதிகளுக்குப் பாய்ந்தது. மேலூர்ப் பக்கத்துக் கள்ளர் முந்திய நூற்றாண்டில் கம்பெனிப் படையையே எதிர்த்தவர். 1755-ஆம் ஆண்டில் கர்னல் ஹெரானின் படையார் கோயில் விக்கிரகங்களைக் கவர்ந்து சென்றபோது, நத்தம் கணவாயில் அவரை மறித்து விக்கிரகங்களை மீட்டவர் அவரே. அத்தகையோர் பெரியாற்று நீர் வந்தபின் பெரும்பாலும் நஞ்சைப் பயிர்த்தொழிலில் நிலைபெற்றனர். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து நமக்கோ அந்நீர் எட்டவில்லை. மானாவாரிச் சோளமும் வரகும் கம்புமே கதி.

பெயர் ஒன்று, வழக்கங்களும் பெரும்பாலும் ஒன்று. ஆயினும் ஒரு பகுதியார் குடியானவராகவும், மற்றொரு பகுதியார் சட்டத்தின் கண்ணில் குற்றப் பரம்பரையினராகவும் ஆயினர். தண்ணீர் ஒன்றே எல்லாவற்றிற்கும் காரணம் என்று நாம் கூறவில்லை. ஆயினும் இரத்தம் காரணம் என்பாரின் வாதம் இதனால் அடியோடு வீழ்கின்றது.

ரேகைச் சட்டம்

குற்றப் பரம்பரைச் சட்டம் முதன்முதலில் 1871-ஆம் ஆண்டில் வடநாட்டிற்காக இயற்றப்பட்டது. தச்சன் மகன் தச்சனாவது போல் திருடன் மகன் திருடனாவான் என்பதே அதனை ஆதரித்த அதிகாரிகளின் எண்ணம். 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது சென்னை மாகாணத்திற்கும் வந்தது. 1914-இல் சமணமலை அடிவாரத்துக் கீழக்குயில்குடியார் மீது அது ஏவப்பட்டது. 1918-ஆம் ஆண்டுக்குள் பிறமலைக் கள்ளர் சமூகம் முழுவதும் அதன் வலைக்குள் கொணரப்பட்டது. 1924-இல் சட்டம் மீண்டும் தொகுக்கப்பட்டது.

சட்டத்தின்படி ஒரு கூட்டத்தாரைக் குற்றப் பரம்பரையினர் என்று அறிவித்தால், அவ்வறிவிப்பு செல்லுமா செல்லாதா என்று எந்தக் கோர்ட்டிலும் கேட்டல் கூடாது. அறிவிக்கப்பட்டவர் தம் கைரேகையைப் பதிவு செய்தல் வேண்டும். குறித்த காலத்தில் ஆஜர் கொடுத்தல் வேண்டும். இரவிற் பலர் போலீஸ் நிலையத்திலோ சாவடியிலோ படுத்துறங்க நேர்ந்தது. அயலூர் செல்ல இராதாரிச் சீட்டு வேண்டும். சட்டத்திற் குறித்த குற்றங்களுக்கு இரண்டாம் முறை தண்டனை அடைந்தால் ஏழாண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாம் முறையாயின் ஆயுள் முழுதும் தீவாந்தரம்.

இதனாற் குற்றம் குறைந்ததா என்று கேட்பவர்க்கு நாம் கூறும் விடை இது. குற்றத்தைத் தடுப்பதற்குப் போலீஸாருக்கு வேண்டியது ஊராரின் நம்பிக்கை. களவு நடக்குமுன் துப்புச் சொல்பவனும், நடந்தபின் சாட்சி சொல்பவனும் ஊரானே. ஊர் முழுவதையும் குற்றவாளி என்று எழுதிவிட்டால் துப்புச் சொல்ல எவன் வருவான்? யோக்கியனும் இரவில் நிலையத்திலே, திருடனும் நிலையத்திலே என்றால் யோக்கியனாயிருந்து பெறும் பயன் யாது? எங்கேனும் களவு நடந்தவுடன் ரிஜிஸ்தரைப் புரட்டி ஒரு பெயரை எடுப்பது எளிதாகையால், உண்மைத் திருடனைத் தேடும் உழைப்பும் குன்றியது. இவ்வாறு சட்டம் பாதிக்கப்பட்ட குடியானவனையும் கைவிட்டது.

1920-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3-ஆம் தேதி, அக்காலத்துத் திருமங்கலம் தாலூகாவில் சேடபட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் ரேகை பதிய அதிகாரிகள் போலீஸ் படையோடு வந்தனர். ஊரார் மறுத்தனர். துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்தது. பதினாறு பேர் மாண்டனர். அவருள் மாயக்காள் என்னும் பெண்மணியும் ஒருவர். பலர் விலங்கிடப்பட்டுத் திருமங்கலத்துக்கு நடத்திச் செல்லப்பட்டனர். குற்றத்தைத் தடுக்க வந்த சட்டம் பதினாறு வீடுகளில் இழவை வைத்துச் சென்றது. அன்று மாண்டோர் திருடும்போது பிடிபட்டவரல்லர். பெருவிரலை நீட்ட மாட்டோம் என்று மறுத்தவர்.

இக்கொடுமையை நம் சமூகத்தாரே அன்றிப் பிறரும் எதிர்த்தனர் என்பதை நன்றியோடு நினைத்தல் வேண்டும். மலையாள நாட்டிற் பிறந்து மதுரையில் பாரிஸ்டராயிருந்த ஜார்ஜ் ஜோசப் அவர்கள் நம்மவர்க்காகக் கோர்ட்டிலும் பத்திரிகையிலும் வாதாடினார். நம் முன்னோர் அவரை ரோசாப்பூ துரை என்று அன்போடு அழைத்தனர். மறவர் மீது ஏவப்பட்ட இச்சட்டத்தை எதிர்த்து 1934-இல் அபிராமத்தில் ஆப்பநாட்டு மறவர் மாநாடு கூடியது. முத்துராமலிங்கத் தேவர் அவர்கள் முன்னின்று கிளர்ச்சி நடத்தினார். ஜீவானந்தம், ராமமூர்த்தி முதலிய பொதுவுடைமைத் தலைவரும் குரல் கொடுத்தனர். 1947-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிக்கப்பட்டது. 1952-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் தேதி இந்தியா முழுவதிலும் அது நீங்கியது.

நிலைத்தது எது?

ஒரு நியாயம் சொல்லாமல் விடலாகாது. பெருங்காமநல்லூர் நிகழ்ச்சிக்குப் பின், 1920 முதல், சர்க்கார் கள்ளர் சீரமைப்பு என்னும் ஏற்பாட்டைத் தொடங்கினர். கிராமப் பஞ்சாயத்துகள், கூட்டுறவுச் சங்கங்கள், மாணவர் விடுதிகள், பள்ளிக்கூடங்கள் ஆகியன ஏற்பட்டன. அவ்வேற்பாட்டின் நோக்கத்தில் அடக்குமுறையும் கலந்திருந்தது உண்மையே. ஆயினும் காலம் என்னும் நடுவர் தீர்ப்புக் கூறிவிட்டார். ரேகைப் புத்தகம் மறைந்தது; பள்ளிக்கூடம் நின்றது. மதுரை, தேனி, திண்டுக்கல் ஜில்லாக்களில் இருநூற்றுக்கும் மேற்பட்ட கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்றும் நடைபெறுகின்றன. ஆசிரியராகவும், வக்கீலாகவும், வைத்தியராகவும், போலீஸ் அதிகாரிகளாகவுமே கூட நம் பிள்ளைகள் விளங்குகின்றனர். எந்த வீட்டுப் பெரியவர் நிலையத்துத் திண்ணையிற் படுத்தாரோ, அந்த வீட்டுப் பேரன் காக்கியுடுப்பில் அந்நிலையத்தில் அமர்வதைக் காண்கிறோம். குற்றத்தைத் தடுத்தது எது என்பதற்கு இதனினும் வேறு அத்தாட்சி வேண்டுமோ?

எனினும், பழைய எண்ணம் முற்றும் ஒழிந்துவிடவில்லை. சட்டம் நீங்கிய அடுத்த ஆண்டே, 1948-இல், சென்னை மாகாணத்தில் வழக்கக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. அது குலத்தை விட்டுத் தனி மனிதனைக் குறித்தமையால் முன்னதினும் நேரியதே. ஆயினும் ரிஜிஸ்தர் எழுதும் கை பழைய பெயர்களை எளிதில் மறப்பதில்லை. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் தில்லி வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட்டார், பின்தங்கிய வகுப்பினரையும் தாழ்த்தப்பட்டோரையும் பழங்குடியினரையும் வெறும் வழக்கத்தினாற் சரித்திரப் பதிவேட்டில் எழுதிவிடுதல் கூடாதென்று போலீஸாரை எச்சரித்தனர். அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் தேதி வழங்கிய மற்றொரு தீர்ப்பில், சிறைகளில் ஜாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளையும், சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதும் விதிகளையும் செல்லாதனவாக்கினர். 1871-இல் எழுதப்பட்ட ஓர் எண்ணத்தைச் சிறை விதிகளினின்று துடைக்க நூற்றைம்பது ஆண்டுக்கு மேற் சென்றது.

நம் கடமை

இச்சரித்திரத்தினின்று நம் சங்கத்தார் கொள்ளத்தக்க பாடங்கள் சில உள.

முதலாவது, போலீஸாரிடம் நாம் கேட்க வேண்டியது சலுகையன்று, நேர்மை. செய்தவனைப் பிடிக்கட்டும், பெயரைக் கண்டு பிடித்தல் ஆகாது. நன்னடத்தைக்கு ஜாமீன் கேட்கும் விதி முன்னாளில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 129-ஆம் பிரிவாக விளங்குகின்றது. அதன்கீழ் ஒரு பிள்ளைக்கு நோட்டீஸ் வந்தால், குடும்பத்தார் அஞ்சி ஒளிதலும் ஆகாது, அலட்சியம் செய்தலும் ஆகாது. உடனே வக்கீலைக் கொண்டு மாஜிஸ்திரேட் முன் காரணம் காட்ட வேண்டும். இதற்கு வசதியற்ற குடும்பங்களுக்கு நம் சங்கத்து வக்கீல்கள் கூலி கருதாது உதவுவார்களாயின் அது பெரும் புண்ணியம். ஜில்லா சட்ட உதவி ஆணைக்குழுவிலும் இலவச உதவி பெறலாம்.

இரண்டாவது, ஒருவன் குற்றத்தைக் குலத்தின்மேல் ஏற்றுதல் அநீதி என்று நூறாண்டு வாதாடிய நாம், ஒருவன் குற்றத்தைக் குலத்தின் பெயராலே மறைத்தலும் அநீதியே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பிள்ளைகளிற் சிலர் அரிவாள் பிடித்த படங்களைச் சுவர்களில் ஒட்டி, அதுவே முன்னோர் பெருமை என்று மயங்குகின்றனர். முன்னோர் பெருமை காவல், அரிவாளன்று. காவற்காரன் தன் பொறுப்பிலுள்ள ஊரில் களவு போனால் தன் பொருளால் ஈடு செய்தான். அப்பொறுப்பை விட்டு ஆயுதத்தை மட்டும் எடுத்துக்கொண்டபோதே நம் சீரழிவு தொடங்கிற்று என்பதை மேலே கண்டோம். தவறு செய்தவனைச் சங்கத்தின் நிழலில் ஒளிக்காமல், சட்டத்தின் முன் நிறுத்தி, அவனுக்கு நியாயமான விசாரணை கிடைக்கச் செய்வதே ஏற்ற வழி.

மூன்றாவது, பாதிக்கப்பட்டோரை மறவாதிருத்தல். நம் ஊரில் எந்த ஜாதியார் வீட்டில் களவோ அடிதடியோ நேர்ந்தாலும், முதலிற் சென்று விசாரித்து, புகார் எழுதவும் நஷ்டஈட்டு மனுப் போடவும் துணை நிற்பவர் நம்மவராயிருத்தல் வேண்டும். எளிய சமூகத்தார் புகார் கொடுக்க அஞ்சி நிற்கும்போது உடன் செல்வதே உண்மையான ஸ்தலகாவல்.

நான்காவது, பள்ளிக்கூடமும் நீரும். சீரமைப்புப் பள்ளிகளில் ஆசிரியர் குறைவின்றியும் கட்டிடம் பழுதின்றியும் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு கிளைச் சங்கமும் ஆண்டுதோறும் பார்வையிட வேண்டும். 58 கிராமக் கால்வாயில் ஆண்டுதோறும் தண்ணீர் வர வேண்டும் என்னும் உசிலம்பட்டிப் பக்கத்துக் குடியானவரின் கோரிக்கைக்கு நாம் விடாது துணை நிற்க வேண்டும். ஒரு கண்மாய் நிறைந்தால் எத்தனை பிள்ளைகள் ஊரிலே தங்கிப் பயிர் செய்வர் என்பதை மேலூர்ச் சரித்திரம் நமக்குக் காட்டிவிட்டது.

களவைத் தடுப்பவை நிறைந்த கண்மாய், திறந்த பள்ளிக்கூடம், நேர்மையான போலீஸ், துணை நிற்கும் அண்டை வீட்டார் என்னும் நான்குமே. இவற்றுள் மூன்றைச் சர்க்காரிடம் கேட்டுப் பெறல் வேண்டும். நான்காவதைப் பெற எவரிடமும் மனுப் போட வேண்டுவதில்லை. அது நம் கையிலேயே உளது. அதனை இவ்வாண்டே ஒவ்வோர் ஊரிலும் தொடங்குவோமாக.